இரண்டாவது கார்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

மாத்திரை: காலை 5.40. ஒரு மணி நேரம் காபி கிடையாது.

இரண்டு வருடம் முன்பு தைராய்டு அடியோடு குறைந்து ஞாபகம் கழன்று போயிருந்தபோது, "எதையும் நம்பாதீங்க ஜெயக்கொடி, எழுதி வைங்க" என்றார் டாக்டர். ஞாபகம் திரும்பி வந்துவிட்டது. நோட்டு மட்டும் விடவில்லை.

கூட வேலை பார்க்கும் சின்ன நர்ஸ் அபிதா, மாமன் மகள் கல்யாணம் என்று லீவு. பிரசவ வார்டின் ஆறு கட்டிலையும் நான் ஒருத்தியே பார்த்தேன். மூன்றாம் கட்டிலில் கோகிலவாணி, ஊதியூர்ப் பக்கம். சனிக்கிழமை சிசேரியனில் இரட்டை. முதலில் பெண், இரண்டு நிமிடம் கழித்துப் பையன். இன்று இரண்டுக்கும் குதிகால் ரத்தம் எடுக்கிற நாள். குதிகாலில் ஒரு குத்து. வரும் சொட்டுகளை ஒரு கார்டில் நாலு வட்டம் நிறைய வாங்கி, காயவைத்து, கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்ப வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை இதில் மாட்டிக்கொள்ளும். வட்டம் சரியாக நிரம்பாவிட்டால் கார்டு திரும்பி வரும். அப்புறம் குழந்தையை மறுபடி வரவழைத்துக் குத்த வேண்டும், வீட்டார் சண்டைக்கு நிற்பார்கள்.

அபிதாவுக்கு இந்த வருடம் மூன்று கார்டு திரும்பியிருக்கிறது. எனக்கு ஏழு மாதமாக ஒன்றுகூட இல்லை. போன மாதம் எங்கள் குழந்தைகள் டாக்டர் கஸ்தூரி என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். பழைய போட்டோ, கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறேன்.

பெண் ஊரையே கூட்டிவிட்டாள். குத்தியதும் ரத்தம் தாராளமாக வந்தது. பையனின் கால் ஃபிரிட்ஜில் வைத்த கத்தரிக்காய் மாதிரி ஜில்லென்று இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தேன். இரண்டு தடவை குத்தினேன். பெரிதாக அழக்கூட இல்லை. அப்புறம் ஒருவழியாக முடித்தேன். எட்டு வட்டமும் அச்சடித்த மாதிரி.

சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாத்திரை 5.45. கார்டுகள் கூரியரில் போயின.

ஆகஸ்ட் 9, சனி

மாத்திரை 5.40. இரட்டையர் ரிப்போர்ட் வந்துவிட்டது. இரண்டும் நார்மல். நான் அதை இரண்டு தடவை படித்ததை அபிதா பார்த்துவிட்டாள்.

"என்னங்கக்கா, உங்க சொந்தப் புள்ளைக ரிப்போர்ட்டாட்ட சந்தோசப்படறீங்க?"

"வாயை மூடிட்டு வெயிட் மெஷினைத் துடை" என்றேன்.

கோகிலவாணி இன்று வீட்டுக்குப் போனாள். ரிப்போர்ட்டை நானே போய்ச் சொன்னேன். அவள் புருஷன் பூபதி, தேங்காய்க் களத்தில் வேலை, முகமெல்லாம் சிரிப்பு. வார்டு முழுக்க லட்டு கொடுத்தான்.

"இவன் தங்கமுங்க சிஸ்டர்" என்று பையனைக் காட்டினாள் கோகிலவாணி. "பாலுக்குக்கூட அழ மாட்டான். நான்தான் எழுப்பிக் குடுக்கோணும். இந்தா இருக்காளே, இவதான் அழுமூஞ்சி."

"தம்பி தங்கந்தான். பொம்பளைப் புள்ளைன்னா கேட்டுத்தான் வாங்கோணும் கண்ணு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று சொல்லாத வீட்டை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாத்திரை 5.50. சமையல் கேஸ் புக் செய்தேன்.

இரட்டையரை மஞ்சள் காமாலை பார்க்கக் கொண்டுவந்தார்கள். பெண்ணுக்குத் தெளிந்துவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது. பையன் இன்னும் மஞ்சள்தான். பிறந்த எடைக்கே இன்னும் வந்து சேரவில்லை. டாக்டர் உள்ளங்காலில் சுண்டிப் பார்த்தார். கொஞ்சம் முனகிவிட்டுத் தூங்கிப் போனான்.

"ரொம்பத் தூங்கறானே. தைராய்டு பார்த்தாச்சா?" என்று கேட்டபடியே பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

"நார்மல் மேடம்."

ஃபைலைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன். எழுத ஆரம்பித்த வரியை அவர் அடித்தார். "நீங்க எடுத்த கார்டுன்னா சந்தேகமில்ல. தாய்ப்பாலால வர்ற மஞ்சளா இருக்கும். வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கள் வாங்க."

அடித்த வரியில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. என்ன எழுத வந்தார் என்பது எனக்குத் தெரியும். ரத்தத்தில் தைராய்டு பார்க்கச் சொல்லி எழுத வந்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி ஆளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்கள். என்னுடையதை அபிதாவுக்குக் கொடுத்தேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் பொய் எழுத ஆரம்பித்தால் இதை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

நாலாம் தேதி பையனின் கார்டில் ஒன்றரை வட்டம்தான் நிரம்பியது. இன்னொரு தடவை குத்த மனம் வரவில்லை என்று சொல்லலாம். அதுவும் உண்மை இல்லை. பக்கத்திலேயே அக்காள்காரி குதிகாலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. பையனின் கார்டைக் கிழித்து ஏப்ரன் பையில் போட்டேன். புதுக் கார்டில் அவன் பெயரை எழுதி, நாலு வட்டமும் அவள் ரத்தத்தில் நிரப்பினேன். ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள், அவளுக்குச் சரியாக இருந்தால் இவனுக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வருடம் சர்வீஸ் போட்ட நர்ஸ் நினைக்கிற நினைப்பா இது? அதுகூட அப்புறம் நினைத்ததுதான். அந்த நிமிடத்தில் நினைத்தது நோட்டீஸ் போர்டை.

தைராய்டு குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த நாலு மாதம் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். என் தங்கச்சி போன் செய்தபோது அவள் பெயர் வரவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் "ம்" என்று சொல்லிக்கொண்டே பெயரைத் தேடினேன். எந்நேரமும் குளிர், எந்நேரமும் தூக்கம். எனக்கு மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது. ஏனென்றால் என் மூளை எப்போதோ கட்டி முடித்த வீடு, விளக்குத்தான் அணைந்திருந்தது. பிறந்த குழந்தைக்கு இப்போதுதான் சுவர் எழும்புகிறது. அதற்கு அந்த ஹார்மோன் வேண்டும். தாய்ப்பால் எவ்வளவு கொடுத்தாலும் அதில் வராது. இப்போது எழும்பாத சுவரை அப்புறம் எழுப்ப முடியாது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். இதை அபிதாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஆனால் அவனுக்கு அது இருக்கிறது என்று யார் சொன்னது? ஆயிரத்தில் ஒன்றுக்கு வருவது. மஞ்சள் எல்லாக் குழந்தைக்கும்தான் வருகிறது.

நாளையோடு இரண்டு வாரம்.

ஆகஸ்ட் 16, சனி

மாத்திரை. லீவு. வீடு கழுவினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாத்திரை. டூட்டி. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அபிதாவின் கார்டு ஒன்று மறுபடி திரும்பி வந்தது. அந்தக் குழந்தையின் அப்பா போனில் அவளைக் கிழித்து எடுத்துவிட்டார். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்தியானமே குழந்தையை வரவழைத்து மறுபடி எடுத்தாள்.

"உங்களுக்கு மட்டும் கால் குளுந்த புள்ளையே அமைய மாட்டீங்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பாத்ரூமுக்குப் போவதாகச் சொல்லி எழுந்து போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். போன வாரம் வரை இவளை எல்லோர் முன்பும் கைநாட்டு என்று திட்டியவள் நான். திட்டு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்கிறவள் அவள்.

ஆகஸ்ட் 20, புதன்

கோகிலவாணி போன் செய்தாள். நான் எண் கொடுத்திருந்தேன், எல்லோருக்கும் கொடுப்பேன், அதிலும் ஒரு பெருமை.

"சிஸ்டர், தம்பி நாலு நாளா வெளிக்கே போகலீங்க. குரல் கரகரங்குது. தொப்புள் வேற துருத்திட்டு நிக்குது. அத்தை உரை மருந்து குடுக்கலாங்கறாங்க. குடுக்கட்டுங்களா?"

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நர்சிங் புத்தகத்தில் தைராய்டுப் பக்கத்தை யாரோ எனக்கு வாசித்துக் காட்டுவது போல இருந்தது.

"ஒண்ணும் குடுக்காத கண்ணு. நாளைக்கே கூட்டிட்டு வா. ரத்தம் ஒருக்காப் பார்த்துடலாம்."

போனைப் பூபதி வாங்கினான். "மறுக்காவும் எதுக்குங்க குத்தோணும்? நார்மல்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"அந்தக் கார்டு வழியில ஈரமாயிடுச்சுன்னு லேப்ல சொல்றாங்க தம்பி."

"ஈரமாயிருந்தா ரிப்போர்ட் எப்படிங்க வந்துச்சு?"

பொய் சொல்ல வந்தவளுக்கு அதையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "இல்லீங்க சிஸ்டர், டாக்டரம்மா திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, அன்னைக்கே வந்துக்கறோம். நீங்க பார்த்த புள்ளை, எங்களுக்குப் பயமில்லீங்க" என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை வந்தாலும் டாக்டர் அதே ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அவன் பிறந்து பத்தொன்பது நாள். அவன் வாயில் போயிருக்க வேண்டியது என் வாயில் போகிறது. விழுங்கினேன், வேறென்ன செய்வது.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வேலை போயிருமா?" என்றார்.

"போகலாம்."

எழுந்து போய்க் கையைக் கழுவினார். அப்புறம், "ஊதியூருக்குக் காலையில ஆறே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் இருக்குது" என்றார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், அவருக்குத் தெரியாத பஸ் கிடையாது. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தேங்காய்க் களத்தை ஒட்டியே கோகிலவாணி வீடு. தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கோகிலவாணி வாசலுக்கே ஓடிவந்தாள். "சிஸ்டரே வந்துட்டாங்க! ஏனுங்க, இளநி ஒண்ணு வெட்டுங்க!" பூபதி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இளநீரைக் கையில் வாங்கிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"தம்பியோட கார்டுல இருக்கறது தம்பி ரத்தம் இல்ல கண்ணு. பாப்பா ரத்தம்."

அவளுக்குப் புரியவில்லை. "மாறிப் போச்சுங்களா?"

"மாறல. நான்தான் மாத்துனேன். அவனுக்குக் கால் குளுந்து கெடந்துச்சு, ரத்தம் வரல. கார்டு திரும்பி வந்தா எனக்குக் கேவலம்னு பாப்பா கால்ல இருந்து எடுத்து நெரப்பிட்டேன். அவனுக்கு டெஸ்டே பண்ணல. இப்ப அவனுக்கு இருக்கறதெல்லாம் பார்த்தா தைராய்டு மாதிரி இருக்குது. மாத்திரை இல்லாம ஒவ்வொரு நாளும் மூளை வளர்ச்சி கெட்டுட்டே இருக்கும்."

கடைசி வாக்கியத்தை வரும்போது பஸ்ஸில் பல மாதிரி மெதுவாக்கிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை, அப்படியே சொல்லிவிட்டேன்.

"கேவலமுங்களா?" என்றான் பூபதி. அது ஒன்றுதான் கேட்டான். அவன் கையில் அரிவாள் இருந்ததால் அதைக் கீழே வைத்தான். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கோகிலவாணி உள்ளே போய்ப் பையனைத் தூக்கி வந்தாள். தூங்கிக்கொண்டிருந்தான். நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அவனையே பார்த்துக்கொண்டு, "நான் இவனைத் தங்கம் தங்கம்னு சொல்லிட்டு இருந்தனே" என்றாள். பிறகு புருஷனிடம், "வண்டிய எடுங்க."

தேங்காய் ஏற்றும் டெம்போ. அவர்கள் குழந்தைகளோடு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் காலிச் சாக்குகளோடு ஏறிக்கொண்டேன். ஏறு என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். "நீங்க வெளிய இருங்க" என்றார். ரத்தத்தை அவரே எடுத்தார், குழந்தையைப் பிடித்துக்கொண்டது அபிதா. எங்கள் லேபிலேயே பார்த்தார்கள். மூன்றரைக்கு முடிவு வந்தது. மூளை தைராய்டைத் தட்டி எழுப்ப அனுப்புகிற ஹார்மோன் நூறுக்கு மேல். அதற்கு மேல் எங்கள் மெஷின் எண்ணாது. மூன்று வாரமாக அவன் உடம்பு உதவி கேட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

நாலு மணிக்கு மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் கலக்கி, பாலாடையில் கொடுத்தார்கள். கதவோரம் நின்று பார்த்தேன். கோகிலவாணி சொட்டுச் சொட்டாக விட்டாள். அபிதா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

டாக்டர் அறை. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"மூணு வாரத்துல ஆரம்பிச்சிருக்கோம். பெரும்பாலும் நல்லா வருவான். ஆனா பதினாலாந் தேதி நான் அந்த டெஸ்ட்டை எழுதியிருந்தா, 'பெரும்பாலும்'ங்கற வார்த்தையை இவ்வளவு பயந்து சொல்ல வேண்டியதில்ல."

"ஆமாங்க மேடம்."

"அவங்ககிட்ட நானும்தான் மன்னிப்புக் கேட்டேன். உங்க பேரைப் பார்த்துட்டுக் குழந்தையைப் பார்க்காம விட்டது நான்." அப்புறம் நேராகப் பார்த்தார். "இது ஒண்ணுதானா, ஜெயக்கொடி?"

"ஒண்ணுதாங்க மேடம்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்று இல்லை.

மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று. முழு கார்டு இல்லை, ஒன்று இரண்டு வட்டம் குறைந்ததைப் பக்கத்துக் கட்டில் குழந்தையின் ரத்தத்தால் நிரப்பினேன். கார்டு வீணாகாமல் பார்த்துக்கொள்வதாக அப்போது பெயர் வைத்தேன். இந்த நோட்டில் அந்த நாட்களைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் "டூட்டி. எழுத ஒன்றுமில்லை" என்று இருக்கிறது. நேற்று டாக்டர் கேட்டபோது, மறந்துபோனேன் என்றால் நம்பியிருப்பார், என் வியாதி அவருக்குத் தெரியும். மறக்கவில்லை. இரண்டு அம்மாக்களின் பெயரும் கட்டில் எண்ணும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் போய் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்று முதல் வார்டு கிடையாது, சீட்டுப் போடும் இடத்தில் உட்கார வேண்டும், விசாரணை முடியும் வரை. அதற்கப்புறம் என்னவோ.

நோட்டீஸ் போர்டிலிருந்து போட்டோவை நானே எடுத்தேன். யாராவது பார்ப்பதற்குள் எடுத்துவிட நினைத்தேன். அபிதா பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் மீதியிருந்த குண்டூசிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

மார்ச்சுக் குழந்தையும் ஜூன் குழந்தையும் வந்தார்கள். இரண்டும் நார்மல். மார்ச்சுக் குழந்தையின் அம்மா கவுன்டருக்கே வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனாள். "உங்க பேரக் குழந்தைக்குன்னா இப்படிப் பண்ணுவீங்களா?" என்றாள். திட்டு வாங்கினால் மனம் லேசாகும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். ஆகவில்லை. அவள் போன பிறகு அடுத்தவருக்குச் சீட்டில் பெயரைத் தப்பாக எழுதினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மாத்திரை 5.40.

இரட்டையர் வந்தார்கள். இரண்டு வாரச் சோதனை. எண் இறங்கிக்கொண்டு வருகிறது, எடை முந்நூறு கிராம் ஏறியிருக்கிறது என்று அபிதா வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

போகும்போது கோகிலவாணி என் கவுன்டருக்கு வந்தாள். பையன் அவள் தோளில் முழித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்றேன்.

"ஒண்ணு கேக்கோணும். இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதுனா அந்த மாத்திரையோட சேர்த்துக் குடுக்கலாமுங்களா?"

"கூடாது. நடுவுல நாலு மணி நேரமாச்சும் விடோணும். சேர்த்துக் குடுத்தா மாத்திரை ஏறாது."

"நீங்களும் இதே மாத்திரைதான் போடறீங்களாமா? இங்க சொன்னாங்க."

"ஆமா."

"உங்களுக்கு மறந்ததெல்லாம் திரும்பி வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"இவனுக்கு?"

டாக்டரின் "பெரும்பாலும்" தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. "எனக்குத் தெரியல கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பையனைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இவன் மத்த புள்ளைகளாட்ட நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போயிட்டான்னு வைங்க, உங்க மூஞ்சிகூட எனக்கு மறந்துபோயிரும். இல்லீன்னா, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்கவில்லை. வாசலில் பூபதி டெம்போவைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் அடுத்தவர் பெயரைக் கேட்டேன், எழுதினேன்.

எல்லோரும் என்னை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றே இத்தனை வருடம் வேலை பார்த்தேன். பிரசவமாகிப் போனவர்கள் கடைத்தெருவில் அடையாளம் கண்டு கூப்பிட்டால் அன்று முழுவதும் மனம் நிறைந்திருக்கும். இந்த ஒரு வீட்டில் மட்டும் நான் யாரென்றே தெரியாமல் போக வேண்டும். இன்னும் ஐந்து வருடம் கழித்து அவள் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, எதிரில் வரும் என்னை யாரோ ஒருத்தி என்று தாண்டிப் போக வேண்டும்.